கிலோவுக்கு ஒரு ரூபாய்



போன செமஸ்டர் முடியும் நேரத்தில் எங்கள் ஹாஸ்டல் மாடியில் ஒரு ட்யூப்லைட் ஃபியூஸ் போனது. மாற்றியவர்கள் பழைய குழாயை வராண்டா டஸ்ட்பின்னில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். அதன் மேல் சாப்பிட்டு மீந்த பொட்டலம், டீ கப், சிப்ஸ் கவர் எல்லாம் விழுந்து மூடிவிட்டது. மறுநாள் காலையில் குப்பை எடுக்க வந்த அக்கா வழக்கம்போலக் கையால் அமுக்கி மூட்டை கட்டினார். குழாய் உடைந்து உள்ளங்கை கிழிந்துவிட்டது. மூன்று தையல். திரும்ப வேலைக்கு வந்தபோது எங்களிடம் அவர் கோபப்படக்கூட இல்லை. "தனியா வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நான் படிப்பது சிவில். சுற்றுச்சூழல் பேப்பரில் லீச்சேட், லைனர், மண் சுத்திகரிப்பு என்று பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேப்பர் முழுக்கச் சொல்ல வந்ததை அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது. பொருட்களைக் கலந்துவிட ஒரு நொடி போதும். கலந்ததைப் பிரிக்க எவ்வளவு ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது என்ட்ரோபி. மற்றவர்களுக்கு: அரிசியையும் ரவையையும் கலந்து கொட்டிவிட்டுப் பிறகு முறத்தை எடுத்து உட்கார்வது மாதிரி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

சென்னையில் தினமும் 5000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பல ஆண்டுகளாக வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கும், தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்கும் போனது. கொடுங்கையூரில் மட்டும் சுமார் 252 ஏக்கரில் 66 லட்சம் டன் பழைய குப்பை மலையாகக் கிடந்தது. இதைத் தோண்டி, சலித்து, தரம் பிரித்து, நிலத்தை மீட்க மாநகராட்சி போட்ட திட்டத்தின் மதிப்பு சுமார் 640 கோடி ரூபாய்.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். 640 கோடியை 66 லட்சம் டன்னால் வகுத்தால், ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 970 ரூபாய். அதாவது கிலோவுக்கு ஒரு ரூபாய். 1995-இல் யாரோ ஒருவர் பால் கவரையும் வாழைப்பழத் தோலையும் ஒரே பையில் போட்டு வீசினாரே, அந்தப் பையைத் திறந்து பார்ப்பதற்கு இன்றைக்கு நாம் கட்டுகிற கட்டணம் அது. அன்றைக்கு அவருக்கு ஆகியிருக்க வேண்டிய செலவு? இன்னொரு பக்கெட்.

கிலோவுக்கு ஒரு ரூபாய் கம்மிதானே என்று தோன்றலாம். இந்தக் கட்டுரையின் கடைசிவரை அந்த ஒரு ரூபாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் குப்பை குப்பையாக இருக்கும்வரைக்கும்தான் அந்த ரேட்டு. அது மண்ணுக்குள் இறங்கிவிட்டால் ரேட்டே வேறு.

குப்பை மேட்டுக்குள் என்ன நடக்கிறது?

நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழ பாதி ஈரக் குப்பை. காய்கறித் தோல், சோறு, பூ, இலை. இதை மட்டும் தனியாகக் காற்றோட்டமாகப் போட்டால் இரண்டு மாதத்தில் உரம். அதையே மற்ற குப்பையோடு சேர்த்து மேட்டில் கொட்டி, அதன்மேல் தினமும் அடுத்த லோடைக் கொட்டினால் நடப்பது வேறு.

முதல் சில நாள், இடுக்கில் இருக்கிற காற்றை வைத்து பாக்டீரியா வேலை செய்யும். ஆக்சிஜன் தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அவை உணவுக் கழிவைக் கரிம அமிலங்களாக உடைக்கும். மேட்டுக்குள் ஊறும் தண்ணீர் புளித்துப்போகும். இந்த அமிலக் கட்டம்தான் கவனிக்க வேண்டிய இடம்.

வீட்டில் பாட்டி பித்தளைப் பாத்திரத்துக்கு ஏன் ஈயம் பூசச் சொன்னார் என்று யோசித்திருக்கிறீர்களா? ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். புளியில் உள்ள அமிலம் செம்பைக் கரைத்துக் குழம்புக்குள் இழுத்துவிடும். குப்பை மேட்டிலும் அதே கதைதான். கடிகார பேட்டரி தனியாக ஒரு டப்பாவில் கிடந்தால் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். சாம்பார் சாதத்தோடு சேர்ந்து கிடந்தால், புளித்த தண்ணீர் அதன் உறையை அரித்து உள்ளே இருக்கும் உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கும். சாதம் விஷம் இல்லை. பேட்டரியும் டப்பாவுக்குள் இருக்கும்வரை யாரையும் ஒன்றும் செய்யாது. இரண்டையும் ஒரே பையில் போட்டதுதான் தப்பு.

இப்படி ஊறி இறங்கும் கருப்புத் தண்ணீருக்குப் பெயர் லீச்சேட். தமிழில் கசிவுநீர் என்று சொல்லலாம். வீட்டுச் சாக்கடை நீரின் பி.ஓ.டி லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். புதிய குப்பை மேட்டின் கசிவுநீரில் இது 10,000-ஐத் தாண்டலாம். மேட்டுக்குள் கொஞ்ச காலம் கழித்து மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் வரும். அவை அமிலத்தைத் தின்று வாயுவாக மாற்றும். குப்பை மேட்டு வாயுவில் பாதி அல்லது அதற்கு மேல் மீத்தேன். நூறு வருடக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட மீத்தேன் பூமியைச் சுமார் 28 மடங்கு அதிகம் சூடாக்கும்.

மேட்டுக்குள் மீத்தேன், மேலே பிளாஸ்டிக், வெளியே வெயில். அப்புறம் தீப்பிடிக்காமல் என்ன செய்யும்? 2022 ஏப்ரலில் பெருங்குடி எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் பத்து நாளுக்கு மேல் புகைந்தது, ஊரே முகக்கவசம் போட்டது. எரியாவிட்டால் சரியும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பின் மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மேட்டுப் பக்கத்தில் ஆசைப்பட்டுப் போய்க் குடியிருந்தவர்கள் யாரும் இல்லை. வேறு இடத்தில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள்தான்.

அடியில் என்ன இருக்கிறது?

முறையாகக் கட்டிய குப்பைக் கிடங்குக்கும், காலி நிலத்தில் கொட்டிய மேட்டுக்கும் உள்ள வித்தியாசம் மேலே பார்த்தால் தெரியாது. அடியில் இருக்கிறது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு விதிகளே இதைச் சொல்லிவிட்டன. அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் அடுக்கு, அதன் மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமன் எச்.டி.பி.இ ஷீட். களிமண்ணின் நீர் ஊடுருவும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

கோடியில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? ஒரு வருடத்தில் சுமார் 3.15 கோடி வினாடி. ஆக, வருடத்துக்குச் சுமார் 3 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டரைக் கடக்க 28 வருடம். இதே இடத்தில் மணல் இருந்தால்? மணலில் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 சென்டிமீட்டரைக் கடக்க 9000 வினாடி. இரண்டரை மணி நேரம். ஒரு சினிமா பார்த்துவிட்டு வருவதற்குள் கசிவுநீர் கீழே போயிருக்கும். இது டார்சி விதியை வைத்து, சரிவு ஒன்று என்று எடுத்துக்கொண்ட எளிய கணக்குதான். ஆனாலும் வித்தியாசத்தின் அளவு புரிகிறது இல்லையா? 28 வருடத்துக்கும் இரண்டரை மணி நேரத்துக்கும் நடுவில்தான் ஒரு ஊரின் நிலத்தடி நீர் இருக்கிறது.

பெருங்குடியில் குப்பை கொட்டியது களிமண் விரித்துத் தயாரித்த இடத்தில் இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். மழைத் தண்ணீரைத் தேக்கி மெல்ல நிலத்துக்குள் விட வேண்டிய இடத்தையே குப்பை மேடாக்கினோம். மிச்சம் இருக்கும் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. உலக அளவில் முக்கியம் என்று அடையாளம் காணப்பட்ட ஈர நிலமும் ஊர்க் குப்பையும் அக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

பயோமைனிங்: மேட்டைச் சலிக்கும் வேலை

சரி, மேடு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? முன்பெல்லாம் மேலே மண்ணைப் போட்டு மூடிப் புல் வளர்ப்பதுதான் வழக்கம். அடியில் லைனர் இல்லாத மேட்டை மூடினால் கசிவு நிற்காது. அதனால் இப்போது பயோமைனிங். பெயர்தான் பெரிசு, வேலை முறத்தால் புடைப்பது மாதிரிதான்.

முதல் கட்டம், மேட்டை மெல்ல மெல்ல வெட்டி நீளமான வரப்புகளாகக் குவிப்பார்கள். நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, வாரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுவார்கள். காற்றுப் பட்டதும் மிச்சம் இருக்கும் ஈரப் பொருள் மக்கி, ஈரம் வற்றி, நாற்றம் அடங்கும். ஈரத்தோடு சலித்தால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்தக் காத்திருப்பு தேவை. மழைக்காலத்தில் வேலை படுத்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

இரண்டாம் கட்டம், சல்லடை. சுழலும் டிரம் மாதிரி இருக்கும் டிராமல் இயந்திரத்தில் பெரிய கண், நடுத்தரக் கண், சின்னக் கண் என்று வரிசையாகச் சலிப்பார்கள். காற்றடித்து லேசான பிளாஸ்டிக், துணியைத் தூக்குவார்கள். காந்தம் இரும்பை எடுக்கும். கல்லும் கட்டட இடிபாடும் தனியாக விழும்.

கடைசியில் என்ன கிடைக்கும்? பிளாஸ்டிக், துணி, ரப்பர் எல்லாம் சேர்ந்த எரிபொருள் கழிவு. இதை ஆர்.டி.எஃப் என்பார்கள், சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போகும். கல், இடிபாடு பள்ளம் நிரப்பப் போகும். இரும்பு காயலான் கடைக்கு. மிச்சம் பெரும்பங்கு, கருப்பாக, பொடியாக, பார்க்க நல்ல உரம் மாதிரியே இருக்கும் மண்.

இந்த மண்ணில்தான் சிக்கல். இருபது முப்பது வருடம் பேட்டரி, பெயின்ட் டப்பா, ட்யூப்லைட், மருந்துப் பட்டை எல்லாவற்றோடும் சேர்ந்து ஊறிய மண் இது. அதில் உப்பு இருக்கும், ஈயம், காட்மியம், குரோமியம் இருக்க வாய்ப்பு உண்டு, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்கு இருக்கும். சலித்தால் அளவு பிரியும். கரைந்து ஒட்டிக்கொண்ட உலோகம் பிரியாது. 4 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடைக்கு அயனி எம்மாத்திரம்? அதனால்தான் சோதித்துப் பார்க்காமல் இதைக் காய்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போடக்கூடாது. கிலோவுக்கு ஒரு ரூபாய் கொடுத்துப் பிரித்த பிறகும் முழுசாகப் பிரிக்க முடியாத மிச்சம் இதுதான்.

மண்ணே கெட்டுப்போனால்

மண்ணைச் சுத்தம் செய்யும் முறைகள் பாடப்புத்தகத்தில் ஒரு டஜன் இருக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதைவிட மூன்று கேள்வி கேட்டால் எல்லாம் அடங்கிவிடும். ஒன்று, இந்த விஷத்தை அழிக்க முடியுமா? இரண்டு, அழிக்க முடியாவிட்டால் வெளியே எடுக்க முடியுமா? மூன்று, எடுக்க முடியாவிட்டால் நகராமல் கட்டிப்போட முடியுமா?

டீசல், பெட்ரோல், கச்சா எண்ணெய் மாதிரி கரிமப் பொருள் என்றால் முதல் கேள்விக்கே விடை கிடைத்துவிடும். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா மண்ணிலேயே உண்டு. அவற்றுக்குக் காற்று, ஈரம், நைட்ரஜன், பாஸ்பரஸ் கொடுத்தால் எண்ணெயைக் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் உடைத்துவிடும். 2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடற்கரையெல்லாம் எண்ணெய் அப்பியது ஞாபகம் இருக்கும். மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டில் அள்ளினார்களே, அப்படி அள்ளிய கசடை இந்த மாதிரி நுண்ணுயிரிகளை வைத்துத்தான் பதப்படுத்தினார்கள்.

உலோகம் என்றால் கதை வேறு. ஈயமும் பாதரசமும் தனிமங்கள். எந்த பாக்டீரியாவாலும் தின்று தீர்க்க முடியாது. எரித்தாலும் போகாது. இடம் மாற்றலாம், வடிவம் மாற்றலாம், பூட்டி வைக்கலாம். அவ்வளவுதான். இதற்கு நம் மாநிலத்திலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

கொடைக்கானல்: எடுத்துவிட முடியுமா?

1980-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானல் மலையில் வைத்தார்கள். முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர் நடத்திய ஆலை. கீழே பாம்பார் சோலைக் காடு. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாக ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்தார்கள். போராட்டம் வெடித்தது, ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல்தான். ஆலை மூடிப் பதினைந்து வருடம் கழித்து.

மூட்டையில் இருந்ததை அனுப்பிவிடலாம். மண்ணில் கலந்ததை? பாதரசத்தின் கொதிநிலை சுமார் 357 டிகிரி செல்சியஸ். மண்ணை மூடிய கலனில் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும், அதைக் குளிர்வித்துப் பிடிக்கலாம். ஆனால் டன் கணக்கில் மண்ணைச் சுடுவது சாமானியச் செலவா? அதனால் முதலில் மண்ணைக் கழுவுவார்கள். பாதரசம் பெரும்பாலும் வண்டல், களி மாதிரி நுண்ணிய துகளில் ஒட்டிக்கொள்ளும். கழுவினால் மணலும் கல்லும் தனியாகிவிடும், விஷம் உள்ள கொஞ்ச மண்ணை மட்டும் சுட்டால் போதும். கொடைக்கானலுக்கு முன்வைத்த திட்டமும் இந்தக் கழுவலும் சூடாக்கலும்தான்.

பெரிய சண்டை எந்த இயந்திரம் என்பதில் வரவில்லை. எவ்வளவு சுத்தம் போதும் என்பதில் வந்தது. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். பக்கத்தில் காடு, ஓடை, மீன் எல்லாம் இருக்கும்போது இது போதாது என்று மக்களும் ஆர்வலர்களும் வருடக்கணக்கில் வாதாடினார்கள். அதை இன்னும் இறக்கினால் நிறைய மண்ணைத் தோண்ட வேண்டும், நிறைய மரம் போகும் என்பது எதிர்வாதம். இங்கே ஒன்று கவனியுங்கள். 'சுத்தம்' என்பது லேப் ரிப்போர்ட்டில் தானாக வரும் எண் இல்லை. யாரோ உட்கார்ந்து முடிவு செய்யும் எண். அந்த மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியம்.

மறுபடியும் கால்குலேட்டர். ஒரு கிலோ பாதரசம் என்பது வெறும் 74 மில்லிலிட்டர். ஒரு டீ கிளாஸ்கூட நிரம்பாது. அது சீராகக் கலந்தால் 50 டன் மண்ணை அந்த 20 மில்லிகிராம் வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். பத்து டன் லாரியில் ஐந்து லோடு. கவிழ்க்க ஒரு விநாடி, கழுவ ஐந்து லாரி.

ராணிப்பேட்டை: கட்டிப்போட முடியுமா?

பாலாற்றங்கரை ஊர்களில் தோல் பதனிட குரோமியம் உப்பு வேண்டும். அந்த வகை ரசாயனம் தயாரித்த ஒரு குரோமேட் ஆலை 1970-களில் ராணிப்பேட்டையில் தொடங்கி, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலைதான் மூடியது. லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கேயே திறந்த வெளியில் நின்றுவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழியும்.

அந்த மஞ்சள்தான் ஆறாம் நிலைக் குரோமியம். தண்ணீரில் நன்றாகக் கரையும், ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். அதே குரோமியத்தின் மூன்றாம் நிலை நடுநிலைத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடும், விஷமும் மிகக் குறைவு. ஆக இங்கே தந்திரம், எடுப்பது இல்லை, மாற்றுவது. ஆறாம் நிலைக்கு மூன்று எலெக்ட்ரான் கொடுத்தால் போதும். கொடுப்பது யார்? நம் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கும் ஃபெரஸ் சல்பேட். இரும்பு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டுத் தான் துருவாகிவிடும், குரோமியம் கரையாத வீழ்படிவாக அடங்கும். சில பாக்டீரியாக்களும் இந்த வேலையைச் செய்யும். பிளஸ் டூவில் படித்த ரெடாக்ஸ்தான், புதிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் கட்டிப்போட்டது என்றைக்கும் கட்டிலேயே இருக்குமா? மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்றாம் நிலைக் குரோமியத்தைத் திரும்பவும் ஆறாம் நிலைக்குக் கொண்டுபோக வாய்ப்பு உண்டு. அதனால் வேலை முடிந்தது என்று போர்டு வைத்துவிட்டுப் போக முடியாது. கண்காணிப்புக் கிணறு தோண்டி, வருடா வருடம் தண்ணீர் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கிலோவுக்கு ஒரு ரூபாய் என்று ஆரம்பித்தோம் இல்லையா? இங்கே மீட்டர் நிற்பதே இல்லை.

செடி நட்டால் சரியாகிவிடாதா?

செமினாரில் எல்லாருக்கும் பிடித்த தலைப்பு இது. கடுகுச் செடி ஈயம் போன்ற உலோகங்களை வேரால் உறிஞ்சும். ஒரு வகைப் பெரணி ஆர்சனிக்கைத் தன் இலையில் சேர்த்து வைக்கும். வெட்டிவேர் ஆழமாக இறங்கி, கெட்ட மண் அரித்துப் போகாமல் பிடித்துக்கொள்ளும். செலவு கம்மி, பார்க்கவும் அழகு.

ஆனால் வேர் போகும் ஆழம்வரைக்கும்தான் வேலை நடக்கும். பல வருடம் பிடிக்கும். உறிஞ்சிய உலோகம் காணாமல் போகாது, செடிக்குள்தான் இருக்கும். அறுவடை செய்த செடியே அபாயக் கழிவு, அதை மாடு மேய்ந்தால் பாலில் வரும். பரவலாக, லேசாகக் கெட்ட மண்ணுக்கு இது நல்ல வழி. ராணிப்பேட்டை மேட்டில் கடுகு தூவினால் கடுகுதான் சாகும்.

நம்ம பக்கெட்டுக்கு வருவோம்

இவ்வளவு பெரிய விஷயத்தில் ஹாஸ்டல் பையன் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கணக்குப் போட்டதும் போய்விட்டது.

ஒரு ட்யூப்லைட்டில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரப்படி குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்வரைதான் இருக்கலாம். ஒரு ட்யூப்லைட்டின் பாதரசம் முழுக்கக் கரைந்தால் 5000 லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரும். நம் பிளாக் மொட்டை மாடியில் இருக்கும் பெரிய டேங்க் அளவு. நிஜத்தில் முழுக்கக் கரையாது, சரி. ஆனால் ஹாஸ்டலில் எத்தனை ட்யூப்லைட்?

மெஸ்ஸுக்கு வாருங்கள். ஆயிரம் பேர் சாப்பிடும் ஹாஸ்டலில் ஆளுக்கு நூறு கிராம் தட்டில் மீந்தால், நாளுக்கு 100 கிலோ. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் வளாகத்தைப் பெரும் கழிவு உற்பத்தியாளர் என்று வகைப்படுத்தி, ஈரக் குப்பையை முடிந்தவரை உள்ளேயே பதப்படுத்தச் சொன்னது. கிச்சன் கழிவையும் சேர்த்தால் பெரும்பாலான ஹாஸ்டல்கள் இந்தக் கணக்கில் வந்துவிடும். ஆகவே கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. எழுதிக் கொடுங்கள், வார்டனிடம் பேசுங்கள்.

செய்யக்கூடியவை நான்குதான்:

ஒன்று, ஈரக் குப்பைக்குத் தனித் தொட்டி. மெஸ் கழிவில் நைட்ரஜன் அதிகம், அப்படியே போட்டால் நாறும். நம் வளாகத்தில் தினமும் கூட்டி எரிக்கிற காய்ந்த இலையில் கார்பன் அதிகம். இரண்டையும் அடுக்கடுக்காகப் போடுங்கள். கார்பனும் நைட்ரஜனும் முப்பதுக்கு ஒன்று பக்கம் வந்தால் நாற்றம் இருக்காது. வாரம் ஒரு தடவை கிளறினால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறி நோய்க்கிருமி சாகும். இரண்டு மாதத்தில் தோட்டத்துக்கு உரம், இலை எரிக்கும் புகையும் மிச்சம்.

இரண்டு, காய்ந்த குப்பை காய்ந்தே இருக்கட்டும். எண்ணெய்க் குழம்பு ஊறிய அட்டையை எந்தக் காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார். கழுவிக் காயவைத்த பால் கவருக்குக் காசு உண்டு.

மூன்று, ஒவ்வொரு மாடியிலும் ஒரு அட்டைப் பெட்டி. பேட்டரி, சார்ஜர், பல்பு, ட்யூப்லைட், காலாவதி மருந்து, பழைய தெர்மாமீட்டர் எல்லாம் அதில். நிறைந்ததும் மின்கழிவு, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கல்லூரி மூலமாக ஒப்படைப்பது.

நான்கு, பிளேடு, உடைந்த கண்ணாடி, ஊசி, நாப்கின் ஆகியவற்றை காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பு மார்க்கரால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுப்பது. அந்தப் பக்கம் இயந்திரம் எதுவும் இல்லை, ஒரு மனிதரின் கைதான் இருக்கிறது.

எங்கள் மாடியில் மூன்றாவதும் நான்காவதும் ஆரம்பித்துவிட்டோம். பெட்டி வைத்த முதல் வாரம் அதில் சிப்ஸ் கவரும் ஆரஞ்சுத் தோலும்தான் விழுந்தன. இரண்டு பேர் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தோம், அப்போதுதான் அக்காவின் வேலை என்னவென்று கொஞ்சம் புரிந்தது. இப்போது பரவாயில்லை, பேட்டரிதான் விழுகிறது. மெஸ் தொட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் ரூம் டஸ்ட்பின்னை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அதில் சாப்பாட்டோடு சேர்ந்து ஒரு பென்சில் பேட்டரி கிடந்தால், இப்போதே எடுத்துத் தனியாக வையுங்கள். இன்றைக்கு அதற்கு ஐந்து விநாடி போதும்.